"கிருமி இல்லை" என்று எழுதிய செவ்வாய்க்கிழமை

"ஜூன் 18, செவ்வாய். காலை ஏழு மணி முதல் மழை. சென்ட்ரல் லைனில் வண்டி ஓடவில்லை, கல்பனா வரவில்லை. 11.40: ஜெபக்கனி, கடைசி மாத்திரைப் பட்டை. ஸ்மியரில் கிருமி இல்லை. கேசர் பேடா கொடுத்தார். நாலு நாளாகக் கத்திரி கையிலிருந்து வழுக்குகிறதாம்."

என் குறிப்பேட்டில் அந்த நாளுக்கு இருப்பது இவ்வளவுதான். கடைசி வாக்கியத்தை நான் எழுதினேன், எழுதியதோடு நிறுத்திக்கொண்டேன். இந்தக் கட்டுரைக்குக் காரணம் அதுதான். இந்த ஆண்டு புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் நீங்கள் என் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தரச் சொன்னீர்கள். சாயம் எத்தனை நிமிடம், கண்ணாடியை எப்படிச் சூடு காட்டுவது என்பதெல்லாம் உங்கள் கையேட்டில் இருக்கிறது. நான் செய்த தவறுகளில், தேதியோடும் நேரத்தோடும் என் கையெழுத்திலேயே பதிவாகியிருக்கும் ஒன்றைச் சொல்கிறேன்.

என்னை அறியாதவர்களுக்காக: தாராவியின் ஓரத்தில், தொழுநோய்க்கும் மற்றத் தோல் நோய்களுக்கும் இலவசமாகப் பார்த்த ஓர் இரண்டறை கிளினிக்கில் நான் லேப் டெக்னீஷியனாக இருந்தேன். வீடு செம்பூரில். வேலை, ஸ்மியர் பார்ப்பது. காதுமடலிலும் தேமலின் ஓரத்திலும் சிறிதாகக் கீறி, கசியும் நீரைக் கண்ணாடியில் தடவி, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். தொழுநோய்க் கிருமி இருந்தால் சிவப்புக் குச்சிகளாகத் தெரியும். மற்றதெல்லாம் நீலமாக இருக்கும். சிவப்பை எண்ணி எழுதிவிட்டால் என் வேலை முடிந்தது.

அது போக எனக்கு இன்னோர் எழுத்து வேலையும் இருந்தது, யாரும் கேட்காத வேலை. நோயாளியின் கார்டை ஆங்கிலத்தில் நிரப்பிய பிறகு, என் சொந்தக் குறிப்பேட்டில் அன்றைய நாளைத் தமிழில் எழுதுவேன். மழை எப்போது பிடித்தது, எந்த வண்டி எவ்வளவு தாமதம், யார் என்ன சொன்னார்கள். ஊர் வரலாறுகளையும் பழைய நாட்குறிப்புகளையும் மாட்டுங்கா நூலகத்தில் தேடித் தேடிப் படித்ததால் வந்த பழக்கம். கல்பனாவுக்கு இது பெரிய வேடிக்கை.

"சார், இப்ப நான் தும்மினேனே, அதையும் எழுதிட்டீங்களா?"

"எழுதியாச்சு. 10.20."

கல்பனா எங்கள் பிசியோதெரபிஸ்ட். செவ்வாயும் வெள்ளியும் டோம்பிவிலியிலிருந்து வருவார். அங்கேயே பிறந்து வளர்ந்தவர். தமிழ் நன்றாகப் பேசுவார், நடுநடுவே இந்தி கலந்து. தமிழ் படிக்கத் தெரியாது. இதை இங்கேயே சொல்லிவைக்கிறேன், பின்னால் தேவைப்படும்.

அவருடைய வேலை கைகளையும் பாதங்களையும் பார்ப்பது. தொழுநோய் தோலில் தெரிந்தாலும் அது குறிவைப்பது நரம்பை. அதனால் மாதம் ஒருமுறை ஒவ்வொருவருக்கும் விரல் பலமும் உணர்ச்சியும் சோதித்து, கார்டில் அந்த மாதத்துக்கான வரிசையில் எண்களை எழுதுவார். மழையில் வண்டி நின்று அவர் வராத நாட்களில், எங்களில் மேசையில் இருப்பவர் அந்த வரிசையில் இரண்டு சிறு கோடுகள் போட்டுவிடுவார். மேலே உள்ளதே இங்கேயும் என்று அர்த்தம். அடுத்த முறை அவர் வந்து சரிபார்த்துக்கொள்வார். கட்டம் காலியாக இருந்தால் மேலிடத்திலிருந்து கேள்வி வரும் என்பதற்காக யாரோ எப்போதோ தொடங்கிய வழக்கம். பல வருடங்கள் யாருக்கும் கெடுதல் இல்லாமல் நடந்தது. கடைசி மாதத்து வரிசைக்கு அடுத்த முறை என்று ஒன்று கிடையாது என்பதை எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை.

ஜெபக்கனிக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். தாராவியில் ஒரு தோல் பை கார்கானாவில் கட்டிங் வேலை. பன்னிரண்டு பேர் தைக்கும் இடத்தில் தோலையும் உள்துணியையும் வெட்டித் தருவது அவர் ஒருவர்தான். முன்கையிலும் கன்னத்திலும் தேமல் என்று வந்தவருக்கு ஓராண்டு சிகிச்சை. அவர் குடியிருந்த சந்தில் யாருக்கும் தெரியாது. பசை ஒத்துக்கொள்ளாமல் வந்த அலர்ஜி என்று சொல்லியிருந்தார். வீட்டில் கணவருக்கும் நாத்தனாருக்கும் மட்டும் தெரியும்.

கடைசிப் பட்டை வாங்கும் நாளில் நோயாளிகள் பேடா கொண்டுவருவது எங்கள் கிளினிக்கின் சம்பிரதாயம். அன்று அவர் நனைந்த குடையோடு நேராக என் மேசைக்கு வந்தார்.

"சார், மொதல்ல வாயத் தொறங்க. ஒரு வருசமா எங் காதக் கீறுனதுக்குக் கூலி."

"ரிப்போர்ட் கேக்காமலே பேடாவா?"

"அதான் நீங்க சிரிக்கிற சிரிப்புலயே தெரியுதுல்லா."

ஆரம்பத்தில் அவருடைய ஸ்லைடில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிவப்புக் குச்சிகள் இருந்தன. அன்று ஒன்றுகூட இல்லை. கிருமி இல்லை என்றேன். "ஸ்தோத்திரம்," என்று கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, கிளம்பும்போது கதவருகில் நின்று கேட்டார்:

"ஒரு விசயம் சார். நாலு நாளா கத்திரி வழுக்குது. சேட்டு புதுசா வாங்கியாந்த கத்திரி. அதுல கோளாறா, ஏங் கையில கோளாறான்னு வெளங்கல."

"மழைக்காலம், கை ஈரமா இருக்கும். பிடியில துணி சுத்திக்குங்க."

சிரித்துக்கொண்டே போய்விட்டார். கல்பனா இல்லாததால் கார்டில் ஜூன் மாதத்துக்கு இரண்டு கோடுகள் போட்டேன். பிறகு குறிப்பேட்டைத் திறந்து, மேலே நீங்கள் படித்ததைத் தமிழில் எழுதினேன். கத்திரியைப் பற்றிய வாக்கியம் எனக்குப் பிடித்திருந்தது என்றுகூட நினைவு. நல்ல விவரம், விட்டுவிடக் கூடாது என்று எழுதிவைத்தேன். அதைச் சொல்ல வேண்டிய ஆளிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. ஸ்மியரில் சிவப்பு இல்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

பதினேழு நாள் கழித்து, ஜூலை 5, வெள்ளிக்கிழமை, மறுபடி வந்தார். கன்னத்துத் தேமல் சிவந்து தடித்து, தூரத்திலிருந்தே தெரிந்தது. வலது கையைச் சேலைத் தலைப்பில் சுற்றியிருந்தார்.

"எல்லாம் திரும்ப வந்துட்டு சார். காலிபீலி, வீணா பேடா குடுத்தேன்."

கல்பனா அவரை உட்கார வைத்தார். ஒரு காகிதத் துண்டை மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவில் வைத்து, இறுக்கிப் பிடிக்கச் சொல்லி இழுத்தார். புத்தகத்திலிருந்து அடையாளத் துண்டை எடுப்பதுபோல் வந்துவிட்டது. முழங்கையின் உட்பக்கம், இடித்துக்கொண்டால் மின்சாரம் பாய்ந்ததுபோல் இருக்குமே, அந்த இடத்தை லேசாக அழுத்தினார். "யாத்தே!" என்று ஜெபக்கனி கையை உதறினார். அங்கே ஓடும் நரம்பு வீங்கியிருந்தது.

"எப்பலேருந்துக்கா இப்படி?"

"நான் அன்னைக்கே சாருட்டச் சொன்னேம்லா, கத்திரி வழுக்குதுன்னு."

கல்பனா கார்டைப் புரட்டினார். "அரே, இங்க ஒண்ணும் இல்லையே. ஜூன் பதினெட்டு, முந்தின மாசம் மாதிரியேன்னுதான் இருக்கு. சார், அக்கா உங்ககிட்ட சொன்னாங்களா?"

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். எனக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. கூட்டத்தில் கவனிக்கவில்லை என்று சொல்லலாம். மழைநாள், யாரும் நம்புவார்கள். குறிப்பேடு மேசை இழுப்பறையில் இருந்தது. அதை எடுத்தாலும், கல்பனாவுக்குத் தமிழ் படிக்க வராது. நான் விரும்பியதை வாசித்துக் காட்டியிருக்கலாம். அந்த எண்ணம் எனக்கு வந்தது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன், உங்களுக்கும் ஒருநாள் வரும் என்பதால். ஆனால் கை எத்தனை நாளாகப் பலமிழந்து வருகிறது என்பதை வைத்துத்தான் டாக்டர் முடிவெடுக்க வேண்டும். அந்தக் கணக்கு என் இழுப்பறையில் மட்டுமே இருந்தது.

எடுத்து, உள்ளபடி வாசித்தேன்.

கல்பனா என்னைத் திட்டவில்லை. விரல் விட்டு எண்ணினார். "பதினேழு, அதோட நாலு. இருபத்தொண்ணு. சார், டாக்டரை இப்பவே பாக்கணும். லஞ்சுக்கு அப்புறம் இல்ல, இப்ப."

எங்கள் டாக்டரம்மா மாட்டுங்காக்காரர். பத்து நிமிடம் பார்த்தார். இது கிருமி திரும்ப வந்ததல்ல. உடம்பின் எதிர்ப்பு அணுக்கள் திடீரென்று விழித்துக்கொண்டு நரம்பில் வேலை செய்கின்றன என்றார். "இன்னைக்கே ஸ்டீராய்டு ஆரம்பிக்கணும். நரம்புக்குள்ள வீக்கம் இருக்கிற ஒவ்வொரு நாளும் கை கொஞ்சம் கொஞ்சமாப் போயிண்டே இருக்கும்."

ஜெபக்கனி எழுந்துவிட்டார்.

"கிருமி இல்லன்னு இந்த சார்தான சொன்னாக? இல்லாத கிருமிக்கு எதுக்கு இன்னொரு மருந்து? ஒரு வருசம் முழுங்கித்தான் மூஞ்சி இப்படி ஆச்சு. சந்துல நாலு பேரு கேட்டாச்சு, கன்னத்துல என்னன்னு. இனி கையும் வளைஞ்சா எல்லாருக்கும் தெரிஞ்சு போவும். சேட்டு என்னய உள்ள விடுவாகளா? நான் ஊருக்குப் போயி நாட்டு மருந்து பாக்கேன்."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். கிருமி இல்லை என்று சொன்னவன் நான், விளக்க வேண்டியவனும் நான்தான். அறிவியல் கட்டுரைகளில் வழக்கமாக வரும் உவமையை எடுத்தேன். உடம்பு ஒரு நாடு, கிருமி எதிரி, எதிர்ப்பு அணுக்கள் சிப்பாய்கள் என்றேன்.

"எதிரிதான் செத்துட்டானே. பொறவு சிப்பாய்க்கு என்ன சோலி?"

கேள்வி சரியான கேள்வி. கல்பனாதான் சொன்னார்: "அக்கா, கிருமி செத்துடுச்சு, ஆனா பாடி உள்ளேயே கிடக்குது. நரம்புக்குள்ள. மத்லப், அதாவது அதை எடுக்கத்தான் அணுக்கள் வந்திருக்கு."

ஜெபக்கனி மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு கேட்டார்:

"எலி செத்த மாதிரியா?"

"எந்த எலி?"

"எங்க வீட்டுல போன மழைக்கு ஒரு எலி சுவத்துக்குள்ள செத்துட்டு. நாத்தம் தாங்கல. எங்க வீட்டுக்காரரு சுத்தியல எடுத்துட்டாக. ஏங்க, எலிதான் செத்துட்டே, ஒரு வாரத்துல காஞ்சிரும், விடுங்கன்னேன். கேக்கணுமே. எலி கெடைச்சுது. சுவரு போச்சு. அந்தப் பக்கத்து வீட்டு அடுக்களைல சோறு பொங்குறது இங்க தெரியுது."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "அதேதான்மா. அந்தச் சுவர்தான் உங்க நரம்பு."

"அப்ப இந்த மாத்திர?"

"சுத்தியலைக் கீழ வைக்கச் சொல்றது."

"அத மொதல்லயே சொல்லணும்லா," என்று என்னைப் பார்த்துச் சொன்னார் ஜெபக்கனி. "சிப்பாயாம், நாடாம்." கல்பனா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். அன்று மதியம் 1.15க்கு ஜெபக்கனி முதல் மாத்திரையைக் கிளினிக்கிலேயே விழுங்கினார். இதையும் குறித்திருக்கிறேன்.

டாக்டரம்மா அன்றே கன்னத்தை விட்டுவிட்டு முன்கைத் தேமலிலிருந்து ஒரு சிறு தோல் துண்டை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார். ஸ்லைடு வந்ததும் என்னை அழைத்து, இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று வேறொரு பழைய நோயாளியுடையது. அதில் சிவப்புக் குச்சிகள் கத்தை கத்தையாக, நுரைத்த அணுக்களின் வயிற்றில் நிரம்பிக் கிடந்தன. அந்த மனிதரின் உடம்பு கிருமியை எதிரி என்றே கண்டுகொள்ளவில்லை. கிருமியை விழுங்கிய அணுக்களே அதற்குக் குடியிருக்க இடம் கொடுத்திருந்தன. அடுத்தது ஜெபக்கனியுடையது. தேடித் தேடியும் ஒரு சிவப்பு இல்லை.

"என்ன தெரியறது?"

"ஒண்ணும் இல்ல டாக்டர். காலி."

"காலியா? நன்னாப் பாருங்கோ. எத்தனை கூட்டம் அங்க."

பார்த்தேன். சிறிய, கரிய நீலப் புள்ளிகள், நெருக்கியடித்துக்கொண்டு. அவைதான் கிருமியை அடையாளம் காணும் வெள்ளையணுக்கள். அவை கூப்பிட்டு வந்த விழுங்கும் அணுக்கள் நடுவில் உருமாறி, ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. கூட்டத்துக்கு நடுவில் ஒரு மெல்லிய இழை பிய்ந்து கிடந்தது. அது தோலின் ஒரு நரம்பு. என் ஸ்மியரில் கிருமி இல்லாததற்குக் காரணமும் இந்த அணுக்கள்தாம், கத்திரி வழுக்கியதற்குக் காரணமும் இவைதாம். நான் எழுதிய "கிருமி இல்லை" தவறான ரிப்போர்ட் அல்ல. அதை வைத்துக்கொண்டு அவருடைய கேள்விக்குப் பதில் சொன்னதுதான் தவறு. முப்பது வருடம் அந்த நீலத்தைச் சிவப்புக்குப் பின்னணி என்று மட்டுமே பார்த்திருக்கிறேன்.

ஸ்டீராய்டு பல மாதங்கள் ஓடியது, அளவைக் குறைத்துக் குறைத்து. விரல்களை நேராக நிறுத்தக் கல்பனா செய்து கொடுத்த பட்டையைக் கையில் கட்டிக்கொண்டு ஜெபக்கனி தூங்கினார். காலையில் வெந்நீரில் விரல் பயிற்சி. கன்னம் முதல் மாதத்திலேயே அடங்கியது. கை மெதுவாக வந்தது. இடையில் கார்கானாவில் பசை தடவும் வேலைக்கு மாறியிருந்தார். வேறொரு பெண் கட்டிங்குக்கு வந்துவிட்டாள் என்று ஒருநாள் சொன்னார். மறு வருடம் பிப்ரவரியில் மறுபடி கத்திரி பிடித்தார். காகிதத் துண்டு இப்போது நிற்கும், பலமாக இழுத்தால் வரும். சுண்டு விரல் மட்டும் முழுதாக ஒட்டவில்லை. கொஞ்சம் விலகி, வளைந்து நிற்கிறது. கதவிடுக்கில் மாட்டிக்கொண்டது என்று சந்தில் சொல்லி வைத்திருக்கிறார்.

கிளினிக்கில் இரண்டு சிறு கோடுகள் போடும் வழக்கம் அந்த ஜூலையோடு நின்றது. பார்க்கவில்லை என்றால் பார்க்கவில்லை என்றே எழுதுவது என்று ஆனது. மேலிடத்திலிருந்து கேள்வி வந்தது, பதில் சொன்னோம். கடைசிப் பட்டை நாளில், பேடா டப்பாவின் மூடியிலிருந்தே ஒரு துண்டு கிழித்து விரலிடுக்கில் வைத்து இழுத்துப் பார்த்த பிறகுதான் கல்பனா பேடாவைத் தொடுவார். நான் குறிப்பேடு எழுதுவதை நிறுத்தவில்லை. ஆனால் நோயாளி உடம்பைப் பற்றிச் சொன்ன எதையும் கார்டில் ஏற்றாமல் அதில் எழுதுவதில்லை. நீங்களும் தனியாக எழுதிவைப்பவர்களாக இருந்தால், நல்லதுதான். எழுதி முடித்ததும் நாற்காலியை விட்டு எழுந்து, உரிய ஆளிடம் போய் வாயால் சொல்லுங்கள்.

ஒன்று பாக்கி இருக்கிறது.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வாரங்கள் முன், வடாலா பஸ் நிறுத்தத்தில் ஜெபக்கனியின் நாத்தனாரைப் பார்த்தேன். விரலைப் பற்றிப் பேச்சு வந்தது. அன்று நாலு நாளாகக் கத்திரி வழுக்கியதைச் சொன்னேன். "நாலு நாளாவா? யாரு சொன்னா? மே மாசம் ஊருக்குப் போவயிலயே ரயில்ல தண்ணி பாட்டில் மூடியத் தொறக்க முடியல மைனிக்கு. நான்தான் தொறந்து குடுத்தேன்," என்றார்.

அது உண்மையானால், ஜூன் 18 அன்று ஜெபக்கனி என்னிடம் சொன்னபோதே கை பல வாரங்களாகப் பலமிழந்து வந்திருக்கிறது. அந்த விரல் வளைந்ததற்கு என் பதினேழு நாள் முழுக் காரணம் ஆகாது. ஜெபக்கனி சொன்ன நாலு நாள் உண்மையானால், அந்தப் பழி என்னுடையது. கார்டை எடுத்துப் பார்த்தேன். மே மாத வரிசையிலும் இரண்டு சிறு கோடுகள்தான் இருந்தன, அப்போதும் யாரும் கையைச் சோதிக்கவில்லை. யார் போட்டது என்று தெரியவில்லை, கோடுகளில் கையெழுத்தை அடையாளம் காண முடியாது. ஊருக்குப் போகிறவர்கள் முன்கூட்டியே மாத்திரை வாங்கிப் போகும் வாரம் அது. என் குறிப்பேட்டில் அந்த நாளுக்கு, "கூட்டம் அதிகம், பாதிப் பேர் கையில் ரயில் டிக்கெட்" என்று மட்டும் இருக்கிறது. ஜெபக்கனியிடமே கேட்டேன்.

"அவ சொல்லுவா. பாட்டில் மூடி எவனுக்குத்தான் தொறக்கு? எனக்கு ஞாவகம் இல்ல சார்."

இரண்டில் எனக்கு வசதியானது எது என்பது எனக்குத் தெரியும். அதனாலேயே அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஜூன் 18ஆம் தேதிப் பக்கத்தின் ஓரத்தில், நாத்தனார் சொன்னதை, அவரைப் பார்த்த தேதியோடு எழுதி, கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: கை பலமிழக்கத் தொடங்கிய நாள், சரிபார்க்கப்படவில்லை.